ஜெபமலர் சொல்லாத ‘முடியும்’

அநியாயம் நடந்தது ஜெபமலர் அக்காவுக்கு. செய்தவர் தணிகாசலம் சார். செய்த விதம் இது: அக்கா ‘முடியாது’ என்று எழுதியதை அவர் ‘முடியும்’ என்று வாசித்தார். வாசித்ததோடு விடாமல், ‘இதைச் சொல்வது நானில்லை, ஜெபமலரே சொல்கிறார்’ என்று அக்காவின் பெயரையும் சேர்த்துக் கட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒப்படைத்தார். ‘ஆபீஸ்னா அப்படித்தான், நீ காலேஜ் பொண்ணு, உனக்குப் புரியாது’ என்று என்னிடம் சொன்ன அத்தனை பேரிடமும் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: ஒருத்தர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்து விற்பது திருட்டு இல்லையென்றால், வேறு எதைத் திருட்டு என்பீர்கள்?

அந்தக் கட்டடம் கோயம்புத்தூரில், சரவணம்பட்டிக்குப் பக்கம், சத்தி ரோட்டைப் பார்த்து நிற்கிறது. நாலு மாடி, முழுக்கக் கண்ணாடி, உள்ளே முன்னூறு பேர், கூட்டம் போடும் அறைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். ஜெபமலர் அக்காவின் குழுவில் சேர்த்தார்கள். அக்கா நாகர்கோவில்காரர், அந்தக் குழுவின் மேனேஜர். ‘முடிஞ்சிருச்சுங்க்கா’ என்று யார் வந்து சொன்னாலும் ‘யாரு பாத்தா?’ என்று கேட்பார், அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம். பார்த்த ஆள் ஒருத்தராவது இருக்கவேண்டும். இல்லையென்றால் அது முடியவில்லை.

தணிகாசலம் சார் டெலிவரி ஹெட். வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுப்பவர் அவர், அந்த வாக்கைக் காப்பாற்றுவது மற்ற எல்லோர் வேலையும். திங்கட்கிழமை மத்தியானம் வெளிநாட்டோடு பேசும் அழைப்பில் அவருடைய மைக் மட்டும்தான் திறந்திருக்கும். மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு, திரையில் வாடிக்கையாளர் கண்ணில் படாத இன்னொரு ஜன்னலில், எங்கள் உள் அரட்டையில், உண்மையான பதிலைத் தட்டவேண்டும். சார் அதை ஓரக்கண்ணால் பார்த்து, குளிப்பாட்டி, பவுடர் பூசி, ஆங்கிலத்தில் அந்தப் பக்கம் அனுப்புவார். ‘மூணு மாசம்’ என்று தட்டினால் ‘மூணு வாரம்’ என்று போகும். ‘தெரியல சார்’ என்று தட்டினால் ‘ஏறக்குறைய முடிந்துவிட்டது’ என்று போகும். உண்மை ஒரு ஜன்னலிலும் பொய் ஒரு ஜன்னலிலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதை முன்னூறு பேர் வாராவாரம் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

கதவுகள் போகத் தொடங்கியது அதனால்தான் என்று முதலில் கண்டுபிடித்தது எங்கள் குழுவின் சபரீஷ்.

முதலில் போனது இரண்டாம் மாடியில் துடைப்பம் வைக்கும் அறையின் கதவு. போனது என்றால் யாரும் கழற்றவில்லை, உடைக்கவில்லை; காலையில் கதவு இருந்த இடத்தில் சாயங்காலம் சுவர் இருந்தது, சுவரில் ஒரு பழைய ஆணி இருந்தது, ஆணியில் போன வருஷக் காலண்டர் தொங்கியது, சுவரின் கீழ்ப்பக்கம் ஷூ பட்டுப்பட்டு அழுக்கேறியிருந்தது, பார்த்தால் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அது அப்படியேதான் இருக்கிறது என்று தோன்றும். அடுத்து கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கிய கிடங்கின் கதவு போனது. அப்புறம் மூன்றாம் மாடிப் பெண்கள் கழிப்பறை. அப்புறம் நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்கென்று வைத்திருந்த பின்படிக்கட்டின் கதவு.

“சாரு ‘யெஸ் யெஸ்’னு சொல்லி முடிக்கல, இங்க டப்புனு ஒண்ணு காணோமுங்க்கா. நான் மூணு தடவ பாத்துட்டேன். பொய் சின்னதுன்னா கதவும் சின்னது” என்றான் சபரீஷ்.

“அப்ப பெரிய பொய்யி சொன்னா?” என்று அக்கா கேட்டார்.

“வாசல்தானுங்க்கா போகோணும்.”

சிரித்தோம். அந்தக் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். மனிதவளப் பிரிவின் ஷர்மிளா மேடம் ‘இடச் சீரமைப்பு’ என்று தலைப்பு வைத்து எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். எந்த மாடியில் எந்தக் கழிப்பறை மிச்சம் என்று படம் போட்டு லிஃப்டில் ஒட்டினார்கள். அடுத்து எது போகும் என்று பஜ்ஜிக்குப் பந்தயம் கட்டினார்கள். கர்ப்பமாக இருந்தவர்களுக்குத் தரைத்தளத்தில் இடம் ஒதுக்கி, அதை நல்ல கம்பெனிக்கு அடையாளமென்று பேசிக்கொண்டார்கள். போலீஸ், தீயணைப்பு, எதுவும் வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னது, யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் கேட்டேன், பின்படிக்கட்டு இல்லாத கட்டடத்தில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள் மேடம் என்று. “பேரு மௌனிகா, ஒரு நிமிஷம் வாய மூடறதில்ல” என்றார் ஷர்மிளா மேடம். அதற்கும் சிரித்தார்கள்.

எங்கள் குழுவின் வேலை, ஒரு குளிர்நாட்டு ஆஸ்பத்திரிகளின் மருந்துக் கணக்கைப் பழைய கம்ப்யூட்டர் அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றுவது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து எவ்வளவு என்று நர்ஸுக்குச் சொல்வது அந்த அமைப்புதான். நான் சேர்ந்த புதிதில்தான் தானாகவே நிரல் எழுதும் இயந்திரம் ஒன்றைக் கம்பெனி வாங்கியது. வாங்கிய வாரமே, நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று இருந்த ஆறு பேரைப் பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. இயந்திரம் நிரலை எழுதியது. அந்த நிரலுக்கான சோதனைகளையும் அதுவே எழுதியது. சோதனையில் தன்னைத்தானே நூற்றுக்கு நூறு தேற வைத்துக்கொண்டது. தணிகாசலம் சாரின் திரையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன.

“கேள்வித்தாளும் அதே எழுதுது, பரீட்சையும் அதே எழுதுது, திருத்துறதும் அதே. பெறவு பெயிலாவுறதுக்கு அங்க யாரு இருக்கா மக்ளே?” என்றார் அக்கா.

அதனால் அந்த ஊர் நர்ஸ் ஒருத்தரை வீடியோவில் கூப்பிட்டு, அக்காவே உட்கார்ந்து பார்த்தார். பிறந்த குழந்தைகளுக்கு மருந்தின் அளவில் பின்னம் வந்தால் பழைய அமைப்பு அதைக் கீழ் எண்ணுக்கு இறக்கும். புதியது மேலே ஏற்றியது, குழந்தைக்கு மருந்து கூடிப்போகும். அப்படி இறக்கவேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை, யாரோ ஒருத்தர் எப்போதோ தெரிந்து செய்தது. ஒன்றைக் கண்டுபிடித்தாயிற்று, இன்னும் எத்தனை உள்ளே ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அக்காவின் முகத்தில் பார்த்ததுதான் அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த முதல் நேர்மையான பயம்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா நொய்யல் அறையில் தனியாக இருந்து அழைப்பில் சேர்ந்தார். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து பேசுகிற ஹென்ரிக், ஒரு வருஷம் என்று பேசிய வேலையைப் பாதி ஆட்களை வைத்துப் பாதிக் காலத்தில் முடிக்க முடியுமா, இப்போதுதான் இயந்திரம் இருக்கிறதே என்று கேட்டார். உள் அரட்டையில் அக்காவின் பதில் விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்: ‘முடியாது சார். குழந்தைகள் விஷயம்.’ தணிகாசலம் சாரும் பார்த்தார். பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முடியும், ஜெபமலர் இப்போதுதான் உறுதி செய்தார் என்றார்.

அவர் அந்தப் பெயரைச் சொல்லி முடித்தபோது நான் நொய்யல் அறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் இல்லை. தூங்குகிறவர் இமை மூடுவது போல அது மூடியது, மூடிய இடத்தில் சுவர் இருந்தது, சுவரில் சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்தது, அதில் தூசி படிந்திருந்தது.

கொத்தனாரைக் கூட்டிவந்தார்கள். சுவரை இடித்தபோது செங்கல் வந்தது, செங்கலுக்குப் பின்னால் செங்கல், அதற்கும் பின்னால் சத்தி ரோடும் கீழே பேக்கரியின் தகரக் கூரையும் தெரிந்தன. “இதுக்குள்ள ரூமு ஏதுங்க?” என்று அவர் உளியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் திரையில் அக்கா இருந்தார். அதே அறை, அதே மேசை, மேலே எரிகிற விளக்கு, முதுகுக்குப் பின்னால் கதவில்லாத சுவர். “என்னட்டி, சுவரு சுவருன்னு எல்லாரும் கத்துதிய? எனக்கு இங்க ஒண்ணும் வெளங்கல” என்றார். விளங்கியதும், திரும்பி அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

அந்த அறைக்குப் போக ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. என் மேசைக்கு அடியில், தரையை ஒட்டி, நெட்வொர்க் கம்பிகள் நுழைகிற பிளாஸ்டிக் பைப். அதில் வாயை வைத்துப் பேசினால் அக்காவுக்குக் கேட்டது. கையை விட்டால் விரல்நுனி அவர் விரல்நுனியில் பட்டது. பெரிய அதிகாரிகளுக்கென்று கட்டிய அறை என்பதால் உள்ளேயே ஒரு கழிப்பறை ஒட்டியிருந்தது. இல்லாவிட்டால் நான் இதை இந்தக் குரலில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். சாப்பாடு பைப் வழியாகப் போனது. தோசையைச் சுருட்டி அனுப்பினோம், சப்பாத்தியைச் சுருட்டி அனுப்பினோம், மோரை உறிஞ்சுகுழலில் விட்டோம். அக்காவின் வீட்டுக்காரர் செல்வின் ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், அவர் காலையில் விசில் கழுத்தில் தொங்கத் தொங்க வந்து, மெல்லிய மூங்கில் குழலில் அவித்த புட்டைப் பைப்பின் வாயில் வைத்து ஒரு குச்சியால் தள்ளுவார். தள்ளிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார்.

“வெந்திருக்கா மலரு?”

“வெந்திருக்கு. தேங்காய் கூட கொஞ்சம் போட்டிருக்கலாம்.”

“நாளைக்குப் போடுதேன்.”

அவ்வளவுதான் பேசிக்கொள்வார்கள். அப்புறம் அவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போவார்.

இனி நான் சொல்லப்போவதை நம்பாதவர்கள் ஆபீஸில் வேலை பார்த்ததில்லை. அறைக்குள் வேறு வேலை இல்லாததாலும், தூக்கம் வராததாலும், அக்கா வேலை செய்தார். குழந்தைகளின் மருந்துக் கணக்கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தணிகாசலம் சார் ஒரு வரைபடமாகப் போட்டு, ‘கவனச்சிதறல் இல்லாத பணிச்சூழல்’ என்று தலைப்புக் கொடுத்து எல்லா மேனேஜர்களுக்கும் காட்டினார். கோடு மேலே போனது. கைதட்டினார்கள். தன் குழுவிலும் ஒருத்தரை அப்படி வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு மேனேஜர் கேட்டார், விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் ஜெபமலர் என்று அறிவித்து, சான்றிதழைச் சுருட்டிப் பைப்பில் தள்ளினார் ஷர்மிளா மேடம். கேக்கையும் தள்ளினார்கள், அது தூளாகப் போனது. “ரொம்ப நன்றி மேடம், இதுல கையெழுத்துப் போட்டவிய யாராவது கதவுக்கும் கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மேடம் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “ஹியூமர் இன்னும் போகல பாருங்க” என்றார்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியாது. அக்கா என்னிடம் மட்டும் பைப் வழியாகச் சொன்னது.

“மக்ளே, யாருட்டயும் சொல்லாத. ரூமு சின்னதாவுது.”

அக்காவின் பெயரைச் சொல்லி சார் ஒவ்வொரு வாக்குக் கொடுக்கும்போதும் பின்சுவர் ஒரு சாண் முன்னால் வந்தது. முதலில் மேசையைச் சுற்றி நடக்க முடிந்தது. பிறகு பக்கவாட்டில் நகர முடிந்தது. பிறகு, நாற்காலிகளை மேசைமேல் ஏற்றினால்தான் கால் நீட்ட முடிந்தது. சார் விடாமல் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், அந்தப் பெயர் நன்றாக விலைபோனதால் எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். ஜெபமலர் பார்த்துவிட்டார், ஜெபமலர் உறுதி சொல்கிறார், ஜெபமலர் இருக்கிறார். வெளியே கதவுகள் போயின. உள்ளே சுவர் வந்தது. திரையில் அக்காவின் தலைக்குப் பின்னால் சுவரின் வெள்ளை நெருங்கி நெருங்கி, ஒரு நாள் அவருடைய நிழல் விழவே இடமில்லாமல் போனது.

நான் நேராகத் தணிகாசலம் சாரின் அறைக்குப் போனேன். அந்த அறைக்கும் கதவு இல்லை அப்போது. அவர் ஏற்கெனவே வெளியே இருந்ததால், வேறொரு மேசையை நடைவழியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், அக்கா நசுங்கிருவாங்க.”

“உட்காரும்மா. மௌனிகாதானே? நான் கெட்டவன்னு நினைக்கிற.”

“நினைக்கல சார், பாத்தேன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “நாம முடியாதுன்னு சொன்னா அவங்க வேற ஊருக்குப் போவாங்க. வேற ஊர்லயும் முடியாதுன்னா மெஷின்கிட்டயே போயிருவாங்க. அது முடியாதுன்னு சொல்லவே சொல்லாது, கவனிச்சியா? எதைக் கேட்டாலும் ‘கண்டிப்பா, இதோ’ங்குது. அதோட போட்டி போடறவன் அது மாதிரியேதான் பேசியாகணும். இங்க முன்னூறு குடும்பம் இருக்கு.”

“அது தப்பாச் சொன்னா கதவு போகறதில்லயே சார். நாம சொன்னாத்தான் போகுது. ஏன்னு யோசிச்சீங்களா? அதோட வாக்குக்கு ஒரு ஆளு இல்ல. நம்ம வாக்குக்கு உள்ள ஒரு ஆளு இருக்காங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தார். இத்தனை நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் என் பயம் இரட்டிப்பானது. மேலே இருக்கிறவர் பயப்படாமல் அநியாயம் செய்தால் நிறுத்தச் சொல்லலாம். பயந்துகொண்டே செய்கிறவரை எதைச் சொல்லி நிறுத்துவது?

அப்புறம் ஹென்ரிக்கிடமிருந்து மெயில் வந்தது. அதில் கோபம் இல்லை, மரியாதைதான் இருந்தது. மாதப் பிறப்பன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் புதிய அமைப்பைப் போட்டுவிடலாம் என்று நீங்கள் சொன்னதை எங்கள் டாக்டர்களிடம் சொன்னேன். ஜெபமலர் சொன்னாரா என்று கேட்டார்கள். இத்தனை காலமாக எல்லா வாக்குறுதியிலும் அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, எங்களுக்கு அந்தப் பெயர்மேல்தான் நம்பிக்கை. எனவே இந்தத் திங்கட்கிழமை மற்றவர்கள் வேண்டாம், ஜெபமலரே தன் வாயால் சொல்லட்டும். இவ்வளவுதான் மெயில். விற்ற பெயரை வாங்கியவர் இப்போது ஆளைக் கேட்டார்.

அந்தத் திங்கட்கிழமை வந்தபோது கட்டடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கதவு, தரைத்தளத்தின் கண்ணாடி வாசல். பெரிய பொய்க்கு வாசல்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மெயில் எதுவும் போகவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. காலையிலிருந்தே லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப்போய், பார்க்கிங்கில் பைக் சீட்டுகளின்மேலும் கார் டிக்கிகளின்மேலும் வைத்து வேலை பார்க்கத் தொடங்கினார்கள். ஷர்மிளா மேடம் அதற்கு ‘வெளிப்புறப் பணி நாள்’ என்று பெயர் வைத்தார், குடையோடு. ‘முடியாதுன்னு சொல்லிருங்க சார்’ என்று ஒரே ஒருத்தர் உள் அரட்டையில் தட்டியிருக்கலாம். முன்னூறு பேர். ஒருத்தரும் தட்டவில்லை. அவர்களுக்கு வெளியே வரத் தெரிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

வாசலின் நடுவில் செக்யூரிட்டி மொய்தீன் பாய் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே.

“பாய், எந்திரிச்சு வெளிய வாங்க, ரிஸ்க்குங்க” என்றான் சபரீஷ்.

“ஆளு உக்காந்திருக்கற வாசல எப்படி மூடுதுன்னு நானும் பாக்கறேன் தம்பி. நீ வர்றியா உள்ள?”

சபரீஷ் பார்க்கிங்கைப் பார்த்தான், மேலே பார்த்தான், கெட்ட வார்த்தை ஒன்றை யாருக்கென்று இல்லாமல் சொல்லிவிட்டு, என்னோடு படியேறி வந்தான்.

மேலே என் மேசைக்கு அடியில் தணிகாசலம் சார் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை தரையில் புரள, கன்னத்தை டைல்ஸில் ஒட்டி, பைப்பில் வாயை வைத்திருந்தார்.

“ஜெபா, ஒரே ஒரு வார்த்தை. நீயே சொல்லிட்டீன்னா அது உன் வாக்கு ஆயிடும், என் பொய்யா இருக்காது. சுவரு விட்டுரும்னு நினைக்கிறேன். அப்புறம் ராத்திரி பகலா உக்காந்து சரி பண்ணிடலாம். முன்னூறு குடும்பம் ஜெபா.”

 பக்கத்தில் செல்வின் நின்றிருந்தார், விசில் இல்லாமல், வெறும் கழுத்தோடு. அவரும் குனிந்தார். அவர் குனிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

“மலரு. சொல்லிரு பிள்ளே. அவிய நாட்டுப் பிள்ளையள அவிய பாத்துக்கிடுவாவ. நீ சொல்லிட்டு வெளிய வா. நான் கெஞ்சிக் கேக்குதேன்.”

 இரண்டு ஆண்களும் எழுந்து தள்ளி நின்ற பிறகு, நான் படுத்துக் கையை உள்ளே விட்டேன். விரல்நுனி தேடவேண்டியிருக்கவில்லை, அங்கேயே இருந்தது. அந்த அறையில் கைக்கு வேறு இடமில்லை. விரல் ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

“மக்ளே, முட்டு நெஞ்சில இடிக்குது. இனி ஒரு சாண் வந்தா தீந்துது.”

“அக்கா, பயமா இருக்குங்க்கா.”

“எனக்கும்தான். ஆனா சுவரு வந்துருமோன்னு இல்ல, கேட்டியா. அவிய கேக்கும்போது என் வாயி தானா ஆமான்னு சொல்லிருமோன்னு பயமா இருக்கு. இத்தன வருஷம் வேற என்னத்தப் பழகினேன்?”

 எதற்கெடுத்தாலும் வாதாடுகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு வாதமும் வரவில்லை. சொல்லாதீர்கள் என்று சொல்ல நான் யார்? நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். விரலை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தேன்.

அழைப்பு தொடங்கியது. ஹென்ரிக் வணக்கம் சொன்னார். அவர் பின்னால் ஒரு ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே பனியும் தெரிந்தன, அவர் பக்கத்தில் இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் ஒருத்தர் தூங்காத கண்களோடு காபிக் கோப்பையைப் பிடித்திருந்தார். தணிகாசலம் சார் மௌஸின்மேல் கையை வைத்தார். வெளிநாட்டு அழைப்பில் அக்காவின் மைக்கைத் திறக்கும் உரிமை அவரிடம் மட்டும்தான் இருந்தது. கை நகரவில்லை. செல்வின் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார், எதுவும் செய்யவில்லை, நின்றார். சார் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். கதவு இருந்த காலத்திலிருந்து இந்த அழைப்பில் மூடியே கிடந்த அந்த மைக் திறந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. சின்ன இடத்தில் விடுகிற மூச்சின் சத்தம்.

ஹென்ரிக் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மாதப் பிறப்பன்று போட்டுவிடலாமா, பச்சைக்குழந்தைகளின் வார்டு உட்பட, உங்களால் முடியுமா ஜெபமலர் என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் நேரம் போனால் எங்கள் கட்டடத்தில் அதற்கும் ‘முடியும்’ என்றுதான் அர்த்தம். அது சுவர்களுக்கும் தெரிந்திருந்தது. கீழே வாசலின் கண்ணாடி ஓரங்களிலிருந்து வெளுக்க ஆரம்பித்ததென்றும், பால் திரிவது போலத் திரிந்து சிமெண்ட் ஆனதென்றும், மொய்தீன் பாயின் நாற்காலிக் கால்கள் இரண்டு பக்கமும் நெறிபட்டு அவர் அப்போதும் எழுந்திருக்கவில்லையென்றும், பார்க்கிங்கில் இருந்த முன்னூறு பேரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்களென்றும் பிறகு சொன்னார்கள். மேலே நான் பைப்புக்குள் ஒரு விரல் என் விரலை இறுக்குவதை உணர்ந்தேன். சபரீஷ் என் தோளைப் பிடித்திருந்தான். தணிகாசலம் சாரின் உதடுகள் பழக்கதோஷத்தில் ‘யெஸ்’ என்று குவிந்தன, செல்வினின் உள்ளங்கை பின்னாலிருந்து வந்து அந்த வாயை மூடியது.

அப்புறம் நடந்ததையெல்லாம் சொல்ல நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். சுவரில் முதலில் ஒரு கீல் முளைத்ததென்பார்கள், பிறகு தாழ்ப்பாள், பிறகு ‘நொய்யல்’ என்ற பலகை. செல்வின் கதவோடு சேர்ந்து உள்ளே விழுந்தாரென்பார்கள். ஹென்ரிக் கோபப்பட்டாரென்றும் இல்லை டாக்டர் அழுதாரென்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கம்பெனி அந்த வேலையை இழந்ததா, ஒரு வருஷத்துக்கு நீட்டி வாங்கியதா என்று இன்னும் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும். அந்தப் பெயரில் முன்பு சொல்லப்பட்ட எதையும் அந்தப் பெயருக்கு உரியவர் சொல்லவில்லை என்பதால், அவர் சொன்னது இன்னதென்று ஒரு இடத்திலாவது சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு, முட்டி நெஞ்சில் இடிக்க, மூச்சு போதாமல், முதலில் தமிழில்தான் வந்தது. பைப்பிலும் ஸ்பீக்கரிலும் கொஞ்சம் முன்னே பின்னே, இரண்டு தடவையாகக் கேட்டது.

“முடியாது. ஏன் முடியாதுன்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”